கானில் கொட்டாத களி

ஒன்பது வயதில் நான் ஒரு விஷயத்தை உறுதியாக நம்பினேன். யாருடைய மூத்திரத்தில் பாணி வாசனை வருகிறதோ அவன் ஒரு மாதத்துக்கு மேல் உயிரோடு இருக்கமாட்டான் என்பதுதான் அது. பாணி என்றால் கித்துள் பனையின் பாகு, தயிரில் ஊற்றிச் சாப்பிடுவார்களே, அது. இதோடு இன்னொன்றையும் நம்பினேன். அந்த நோய் முதலில் எனக்குத்தான் வந்தது, என் மடியில் கிடந்த தங்கச்சிக்கு என்னிடமிருந்துதான் ஒட்டிக்கொண்டது. இந்த இரண்டையும் யாரிடமும் சொல்லாமல் பன்னிரண்டு நாள் சுமந்து திரிந்தேன். சும்மா திரியவில்லை. சாவுக்கான ஏற்பாடுகளைச் செய்துகொண்டே திரிந்தேன். பம்பரம் யாருக்கு, உடைந்த டார்ச்லைட் யாருக்கு என்பதெல்லாம் முடிவாகியிருந்தது.

எங்கள் தேயிலைத் தோட்டம் கொட்டகலைக்கு மேலே. லயம் என்ற வரிசை வீட்டில் நாலாவது காம்பரா, அதாவது அறை, எங்களுடையது, ஏழாவது அத்தையுடையது. அத்தை அப்பாவுக்கு அக்கா. புருஷனுக்கு டயகமத் தோட்டத்தில் வேலை கிடைத்ததால் சில வருஷம் அங்கே இருந்துவிட்டு, அவர் இறந்தபிறகு எங்கள் தோட்டத்துக்கே திரும்பி வந்தவள். மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்குகூட அத்தையிடம் கொழுந்து எடை விஷயத்தில் வாய் கொடுக்கமாட்டார். அப்படிப்பட்டவளிடம் அம்மா என்ன வாய் கொடுத்துவிட முடியும்?

தங்கச்சி கார்த்திகைக் குளிரில் பிறந்தாள். அன்றைக்கே அத்தை களிக்கு அரிசியையும் வெந்தயத்தையும் ஊறப்போட்டுவிட்டாள். பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் பக்கம் வெந்தயக் களி கொடுப்பார்கள். ஊறியதை அம்மியில் அரைத்து, கித்துள் கருப்பட்டியைக் கரைத்து ஊற்றி, கை வலிக்கக் கிண்டி, நடுவில் குழி பண்ணி நல்லெண்ணெய் விட்டால் களி. காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகுமுன் ஒரு கோப்பை, சாயந்தரம் மலையிலிருந்து இறங்கியதும் ஒரு கோப்பை என்று அத்தை கொண்டுவந்து வைப்பாள். பால் ஊற, இடுப்பு நிற்க, வயிறு உள்ளே போக எல்லாவற்றுக்கும் அவளிடம் அந்த ஒரே மருந்துதான்.

அத்தையின் பிடிவாதத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. எனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்து இருபத்துமூன்றாம் நாள் இறந்துபோயிருந்தான். அம்மா பத்தியம் சரியாக இருக்கவில்லை, பால் கெட்டுவிட்டது, அதனால்தான் பிள்ளை போயிற்று என்று லயத்தில் ஒரு பேச்சு. அத்தை அதை அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னதே இல்லை. கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு சொல்வாள்.

கோப்பையை வைத்துவிட்டு அத்தை போனதும் அம்மா என்னைக் கூப்பிடுவாள். கோப்பைமேல் ஒரு துணியைப் போட்டு என் கையில் கொடுத்து, "இதக் கொண்டுபோயி கீழக் கானுல கொட்டிட்டு, கோப்பயக் கழுவிக் கொண்டா" என்பாள். கான் என்பது மழைத்தண்ணீர் ஓட மலைச்சரிவில் வெட்டிவைத்திருக்கும் வாய்க்கால். அம்மா அதோடு விடமாட்டாள். "நாக்குல வெச்சுப் பாக்குற வேலயெல்லாம் வேணாம். வெச்சேன்னு தெரிஞ்சுது, தோல உரிச்சிருவேன்" என்று சேர்த்துக்கொள்வாள். ஏன் என்று கேட்டால் கசக்கும் என்றாள்.

முதல் நாள் நான் நல்ல பிள்ளையாகத்தான் கானுக்குப் போனேன். கொட்டுவதற்காகக் கோப்பையைச் சாய்த்தபோது நல்லெண்ணெய் விரலில் வழிந்தது. விரலை வேறு எங்கே துடைப்பது? வாயில் வைத்தேன். கசக்கத்தான் செய்தது. ஆனால் அந்தக் கசப்புக்குப் பின்னாலேயே கருப்பட்டி வந்தது. இரண்டாவது வாயில் கசப்பு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. சோற்றைக் கொட்டினால் பாவம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள். களியும் அரிசிதானே. இந்த ஞானம் வந்ததும் தேயிலைச் செடிக்கு மறைவில் உட்கார்ந்து கோப்பையைச் சுத்தமாக நக்கினேன். கானில் தண்ணீரை மட்டும் ஊற்றிக் கழுவினேன். அன்று சாயந்தரமும் அப்படியே, மறுநாளும் அப்படியே. பள்ளி விடுமுறை வேறு. டிசம்பர் மாதம் முழுக்க அம்மாவுக்காகப் பத்தியம் இருந்தது நான்தான். இடுப்பு எனக்கு நன்றாக நின்றது.

இரண்டாவது வாரத்தில் ஒரு காலை, நானும் கங்காணி மகனும் லயத்துக்குப் பின்னால் வரிசையாக நின்று மூத்திரம் பெய்துகொண்டிருந்தோம். எங்கள் ஊர்க் குளிரில் காலையில் பெய்தால் புகை எழும். யாருடைய புகை உயரமாகப் போகிறது என்பதுதான் போட்டி. அன்று கங்காணி மகன் புகையைப் பார்க்காமல் மூக்கை உறிஞ்சினான்.

"என்னடா, பாணி காய்ச்சுறியா?" என்றான்.

நானும் மோந்து பார்த்தேன். நல்லதண்ணி ஊரில் சிவனொளிபாதமலை யாத்திரை சீசனுக்குக் கடை போடுகிறார்களே, அங்கே அடுப்பில் பாணி கொதிக்கும்போது வருமே, சரியாக அந்த வாசனை. அது என்னிலிருந்து வந்துகொண்டிருந்தது.

கங்காணி மகனுக்கு வைத்தியம் தெரியும். அவன் பெரியப்பாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு நோய், இருந்தது. அவர் பெய்த இடத்தில் எறும்பு மொய்த்தது, பிறகு காலை எடுத்தார்கள், பிறகு ஆளே போய்விட்டார். இதை அவன் வரிசை மாறாமல் எனக்குச் சொன்னான். எறும்பு, கால், ஆள், எல்லாம் ஒரே மாதத்துக்குள். நான் எந்தக் கட்டத்தில் இருக்கிறேன் என்று தெரிந்துகொள்ள அன்று மத்தியானமே ஒரு பரிசோதனை செய்தேன். எறும்புப் புற்றுக்குப் பக்கத்தில் பெய்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து காத்திருந்தேன். எறும்புகள் வந்தன. புற்றுக்குப் பக்கத்தில் பெய்தால் எறும்பு வராமல் யானையா வரும் என்று இன்றைக்கு எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை. வீட்டுக்குப் போய் இரண்டு காலையும் தடவிப் பார்த்துக்கொண்டேன். எந்தக் காலை எடுப்பார்கள் என்று அவன் சொல்லியிருக்கவில்லை.

இவ்வளவு பயத்திலும் களியை மட்டும் நிறுத்தவில்லை. சாகப் போகிறவனுக்கு அதையும் ஏன் மறுக்க வேண்டும்?

அதற்குச் சில நாள் கழித்துத்தான் தங்கச்சி சுணங்க ஆரம்பித்தாள். லேசாகச் சளி பிடித்தது. அதிலிருந்து மார்பில் வைத்தால் இரண்டு தரம் உறிஞ்சிவிட்டு அப்படியே கண்ணை மூடிவிடுவாள். தட்டினாலும் எழுந்திருப்பதில்லை. எழுந்தால் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அவளுடைய ஈரத்துணிகளை இஸ்தோப்பில், அதாவது முன்திண்ணையில், கட்டிய கயிற்றில் காயப்போடுவது என் வேலை. அன்று ஒரு துணியை உதறியபோது வாசனை வந்தது. அதே பாணி.

கயிற்றடியிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தினமும் அவளை மடியில் வைத்துக்கொண்டிருந்தவன் நான். கன்னத்தில் முத்தம் கொடுத்தவன் நான். சளி ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டும்போது இது மட்டும் ஏன் ஒட்டாது? அன்றிலிருந்து தங்கச்சியைத் தூக்கவே இல்லை. கேட்டால் கை வலிக்கிறது என்றேன். அத்தை, "இந்தப் பயலுக்குப் பொறாமை. எல்லாரும் சின்னவளத் தூக்குறாங்கன்னு பொறாமை" என்று எல்லாக் காம்பராவுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

தோட்டத்து மருத்துவச்சி வந்து பார்த்தார். துணியை மூக்கருகே கொண்டுபோனார். சிரித்தார். தாய் வெந்தயம் நன்றாகச் சாப்பிட்டால் பாலில் இறங்கிப் பிள்ளையும் அப்படித்தான் மணக்கும், பயப்பட ஒன்றுமில்லை, சளிக்கு மட்டும் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தைக்குத் தலை நிமிர்ந்தது. தன் களி தாய் வழியாகப் பிள்ளை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டதே. அம்மா பிள்ளையின் துணியை மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தாள். களி யார் வயிற்றுக்குப் போயிற்று என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கோ அது கானுக்குப் போனதாகத்தான் தெரியும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.

மறுநாள் காலை தங்கச்சி துவண்டு கிடந்தாள். தூக்கியபோது திடீரென்று முதுகு வில் மாதிரி விறைத்தது. அப்பா பெக்டரி வேலைக்குப் போகவில்லை. தேயிலைப் பெட்டி ஏற்றிப் போகும் லொறியில் அப்பா, அம்மா, அத்தை, நான் எல்லோரும் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்னைக் கூட்டிப்போக யாரும் நினைக்கவில்லை. நானே ஏறி உட்கார்ந்துகொண்டேன். நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வேறு எங்கே போவான்?

வார்டில் இருந்தது ஒரு சின்ன வயசு சிங்கள டொக்டர். நோயாளிகளிடமே கற்றுக்கொண்ட தமிழ் பேசுவார். தங்கச்சியின் கையைத் தூக்கிப் பார்த்தார், விட்டார், விழுந்தது. குனிந்தவர் சட்டென்று நின்று, அவள் துணியை எடுத்து மோந்தார். திரும்பவும் மோந்தார். பிறகு கட்டிலில் தொங்கிய அட்டையில் வேகமாக ஏதோ எழுதினார். எழுதிக்கொண்டே, அம்மா உளுஹால் ஏதும் சாப்பிடுகிறாரா என்று கேட்டார். சிங்களத்தில் வெந்தயத்துக்கு அதுதான் பெயர்.

அம்மா வாயைத் திறக்குமுன் அத்தை திறந்துவிட்டாள். "ரெண்டு வேளையும் சாப்புடுறாங்க மாத்தியா. நான்தான் என் கையால கிண்டிக் குடுக்குறேன்." மாத்தியா என்றால் சிங்களத்தில் ஐயா.

"ஆ, அப்ப சரி" என்றார் டொக்டர். எழுதியதன்மேல் ஒரு கோடு போட்டு அடித்தார். அந்தக் கோடு எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அம்மாவின் உதடு ஒரு தரம் பிரிந்தது. அத்தையைப் பார்த்தாள். மூடிக்கொண்டது. கிருமியாக இருக்கும் என்று சொல்லி ஊசி மருந்தும் சேலைனும் ஏற்றினார்கள்.

மூன்று நாள் ஆயிற்று. அத்தை ஆஸ்பத்திரிக்கும் தவறாமல் களி கொண்டுவந்தாள், அதையும் நான்தான் வெளியே கொண்டுபோய்த் தின்றேன். ஊசி போட்டும் ஒன்றும் நடக்கவில்லை. தங்கச்சி கண்ணைத் திறக்கவில்லை. மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பால் கொடுத்தார்கள். கொடுக்கக் கொடுக்க மோசமாகத்தான் ஆனாள். மூன்றாம் நாள் நர்ஸம்மா அப்பாவை மட்டும் ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அப்பா வந்து படிக்கட்டுக்குக் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு, பிரிக்காமலே இருந்தார். கேட்டதற்கு, "தங்கச்சிக்கு முடியாதாம்டா" என்றார். அப்பா அதற்குமுன் என்னிடம் அப்படி ஒரு பெரிய மனுஷனிடம் சொல்வதுபோல எதையும் சொன்னதில்லை.

இந்த இடத்தில் நான் தங்கச்சியைக் காப்பாற்ற ஓடினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். என் பிள்ளைகளுக்குப் பல வருஷம் அப்படித்தான் சொல்லிவந்தேன். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து நான் போட்ட கணக்கு வேறு. நோய் எனக்கு முதலில் வந்தது. அவளுக்குப் பிறகு வந்தது. அவளே போகப் போகிறாள் என்றால் என் தேதி ஏற்கெனவே தாண்டிவிட்டது. ஏதோ ஆஸ்பத்திரிக் காற்றில் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடனே மருந்து கேட்டு வாங்காவிட்டால் வீட்டுக்குத் திரும்பும் லொறியிலேயே முடிந்துவிடும். நான் ஓடியது எனக்காக.

வார்டில் டொக்டர் தங்கச்சியின் கட்டிலருகே நின்றிருந்தார். அம்மா தலைமாட்டில், அத்தை பிளாஸ்க்கோடு கால்மாட்டில். டொக்டரின் வெள்ளைக் கோட்டைப் பிடித்து இழுத்தேன்.

"டொக்டர் மாத்தியா, எனக்கும் மருந்து தாங்க."

"ஒனக்கு என்ன மல்லி?" தம்பியைச் சிங்களத்தில் மல்லி என்பார்கள்.

"தங்கச்சி வருத்தந்தான். எனக்குத்தான் மொதல்ல வந்துச்சு. எனக்கும் பாணி மணக்குது."

அத்தை என்னை அடக்கக் கையை ஓங்கினாள். டொக்டர் குனிந்து என் சட்டைக் கழுத்தை மோந்தார். நான் குளித்து நாலு நாள் ஆகியிருந்தது. அவருக்குப் பல வாசனைகள் கிடைத்திருக்க வேண்டும். சிரித்தபடிதான் குனிந்தார். நிமிரும்போது சிரிப்பு இல்லை.

"நீ என்ன சாப்பிட்ட?"

"களி."

"உளுஹால் களியா?"

தலையாட்டினேன்.

"யாரு குடுத்த?"

அம்மாவைப் பார்த்தேன். அம்மா தங்கச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாவு ஒரு பக்கம், தோலை உரிப்பது ஒரு பக்கம். உரித்த தோல் திரும்ப வளரும் என்று முடிவு செய்தேன்.

"அது அம்மாவோட களிங்க. அம்மா கானுல கொட்டச் சொன்னாங்க. நான் கொட்டல. தங்கச்சி பொறந்ததுலருந்து நான்தான் ரெண்டு வேளையும் சாப்புட்டேன்."

அத்தை பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். அவள் அம்மாவின் பக்கம் திரும்பிய விதத்தைப் பார்த்து நான் டொக்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அத்தை பேசுமுன் டொக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அம்மா, நீங்க கொஞ்சமும் சாப்பிடல்லயா?"

"இல்லீங்க."

"பொய் சொல்ல வேணாம். இது பெரிய விசயம்."

"இந்தப் புள்ள தல மேல சத்தியமா ஒரு வாய்கூட இல்லீங்க" என்றாள் அம்மா. பிறகு யாரும் கேட்காமலே, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "மூத்தவனும் இப்பிடித்தாங்க மணந்தான்" என்றாள்.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மூத்தவன் எத்தனையாம் நாள் போனான், போகுமுன் பால் குடிக்காமல் சுணங்கினானா, உடம்பு விறைத்ததா என்று டொக்டர் கேட்டார். அம்மா நாளைச் சொன்னாள், மற்றதற்கெல்லாம் தலையாட்டினாள். பிறகு, அப்பாவும் அம்மாவும் சொந்தமா என்று கேட்டார். அத்தை வழக்கமாக நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. அன்றைக்கும் பழக்கத்தில் அதுவே வந்தது. "எங்க தாய்மாமன் மகதாங்க. வெளியில எடுக்கல. நான்தான் கட்டி வெச்சேன்." டொக்டர் அட்டையை எடுத்து, தான் அடித்த கோட்டுக்குக் கீழே அதே சொல்லைத் திரும்ப எழுதினார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒருவன் சாகக் கிடக்கிறான், இவர் கல்யாணக் கதை கேட்டுக்கொண்டிருக்கிறாரே என்று.

எனக்கு மருந்து கிடைக்கவில்லை. அதற்குப் பதில் ஊசி மருந்து வந்த காலிப் போத்தல் ஒன்று கிடைத்தது. அதில் பெய்துகொண்டு வரச் சொன்னார்கள். பயத்தில் வரவே இல்லை. நர்ஸம்மா குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்கச் சொன்னார், பிறகு வந்தது. தங்கச்சியுடையதையும் இன்னொரு போத்தலில் பிடித்தார்கள். இரண்டிலும் சிங்களத்தில் எழுதி ஒட்டினார்கள். அன்று மத்தியானமே தங்கச்சியையும் அம்மாவையும் அப்பாவையும் அம்புலன்சில் ஏற்றிக் கண்டிக்கு அனுப்பினார்கள். இரண்டு போத்தல்களையும் துணியில் சுற்றி அப்பாவிடம் கொடுத்தார்கள். அவர் அதைச் சாமி படம் வைத்திருப்பதுபோல நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் பிள்ளைகள் இருவரின் மூத்திரத்தையும் அவ்வளவு மரியாதையாகப் பிடித்த தகப்பனை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

நானும் அத்தையும் பஸ்ஸில் திரும்பினோம். டவுனிலேயே அடி விழும் என்று எதிர்பார்த்தேன், விழவில்லை. கொட்டகலை தாண்டும்வரை அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"கருப்பட்டி போதுமா இருந்துச்சா?"

"போதும் அத்தை."

அவ்வளவுதான். அதற்கப்புறம் களிக் கோப்பை அவள் காம்பராவில் கவிழ்ந்தே கிடந்தது. எனக்கு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும்தான்.

கண்டியிலிருந்து செய்தி வரவில்லை. நான் கீழ் லயத்து மாரியம்மன் கோவிலுக்குப் போய், இந்த வருத்தம் போனால் திருவிழாவில் மொட்டை போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். யாருடைய வருத்தம் என்று சாமியிடம் தெளிவாகச் சொல்லவில்லை, சாமிக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலை லயத்துக்குப் பின்னால் நின்று மோந்து பார்த்தால் வாசனை போயிருந்தது. வெறும் மூத்திரம். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கங்காணி மகனைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னேன், அவனும் உறுதிசெய்தான். மாரியம்மன் சக்தியுள்ள தெய்வம் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம். களி தின்பதை நிறுத்தியதற்காக மொட்டை போட்டவன் இலங்கையிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். திருவிழாவில் என் தலையில் கத்தி வைத்தபோது, தங்கச்சிக்காகத்தான் நேர்ந்திருக்கிறேன் என்று நினைத்து அத்தை அழுதாள். நான் திருத்தவில்லை.

அப்பா ஐந்தாம் நாள் வந்தார். பரிசோதிக்கும் அறையில் இரண்டு போத்தலிலும் ஒரே மருந்தை ஊற்றினார்களாம். என்னுடையது வாசனை அதிகமாக வந்ததே தவிர ஒன்றும் ஆகவில்லை. தங்கச்சியுடையது மஞ்சளாகக் கலங்கி அடியில் படிந்தது. நோய்க்கு நீளமான ஒரு பெயர் சொன்னார்களாம், அப்பாவால் அதைத் திரும்பச் சொல்ல முடியவில்லை. பாலில், பருப்பில், மீனில் இருக்கிற சில சத்துகளை அவள் உடம்புக்கு உடைக்கத் தெரியாது. உடைக்காமல் சேர்ந்துபோனது விஷமாகித் தலைக்கு ஏறுகிறது. அதுதான் பாணி மாதிரி மணக்கிறது. பாலைக் குறைத்து, சீனித் தண்ணீரும் கஞ்சித் தண்ணீரும் கொடுத்து, ஒரு விற்றமின் மாத்திரையை நிறையக் கொடுத்துப் பார்த்தார்கள். இந்த நோயில் சில பிள்ளைகளுக்கு மட்டும் அந்த மாத்திரை கேட்குமாம். தங்கச்சிக்குக் கேட்டது. நாலாம் நாள் கண்ணைத் திறந்து, பசிக்கு அழுதிருக்கிறாள்.

அவர்கள் வீட்டுக்கு வர ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. அம்மா பிள்ளையோடு லயத்துப் படியேறியபோது அத்தை வாசலில் நின்றிருந்தாள். எல்லோரும் சண்டைக்குக் காத்திருந்தோம்.

"சொல்லியிருக்கலாம்ல புள்ள" என்றாள் அத்தை.

"சொன்னா விட்டிருப்பீங்களா மதினி" என்றாள் அம்மா.

அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டு, "விட்டிருக்க மாட்டேன்" என்று சொல்லிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

தங்கச்சி இப்போது கொட்டகலை பஜாரில் தையல் கடை வைத்திருக்கிறாள். மீனும் பருப்பும் முட்டையும் அவளுக்குத் தூரம். மாத்திரை தினமும் உண்டு. காய்ச்சல் வந்தால் யாரையும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துவிடுவாள். கணக்கில் கொஞ்சம் மந்தம், என்னைத் திட்டுவதில் மட்டும் எந்தத் தாமதமும் இல்லை. டொக்டர்கள் சொன்னபடி அவளைச் சொந்தத்தில் கொடுக்கவில்லை. கண்டியிலிருந்து அந்த டவுன் டொக்டருக்கு எழுதிய பதிலில், பையனின் போத்தலையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று, இல்லாவிட்டால் நாங்களும் வெந்தயம் என்று எழுதி அனுப்பியிருப்போம் என்று இருந்ததாம். அதை அப்பா எனக்குச் சொன்னது எனக்கு மீசை முளைத்த பிறகு. முன்பே சொல்லியிருந்தால் தலைக்கனம் பிடித்திருக்கும் என்றார். பிடித்துத்தான் இருக்கும்.

ஒன்றே ஒன்று எனக்கு அப்போது விளங்கவே இல்லை. அம்மா ஏன் என்னைத் திட்டவில்லை? தோலை உரிப்பேன் என்றவள் ஒரு குட்டுக்கூட வைக்கவில்லை. நான் திருடித் தின்றதால் வந்த வெட்கத்தில்தான் அன்று வார்டில் தலையைக் குனிந்திருந்தாள் என்று நினைத்திருந்தேன். என் மனைவிக்குப் பிள்ளை பிறந்து, யாரோ களி கொண்டுவந்து வைத்த அன்றுதான் அம்மா காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். மூத்தவன் பிறந்தபோது அத்தை தந்த களியை அவள் ஒரு வேளை விடாமல் சாப்பிட்டிருக்கிறாள். லயத்துப் பேச்சு பொய். பிள்ளை களி மாதிரியே மணந்து மணந்து செத்தான். களிதான் கொன்றது என்று அவள் மனதுக்குள் எழுதிக்கொண்டாள். நான் பிறந்தபோது அத்தை டயகமவில் இருந்தாள், களி இல்லை, நான் பிழைத்தேன். எழுதியது சரி என்று ஆயிற்று. அதனால்தான் மூன்றாவது பிள்ளைக்கு அவள் கோப்பையைத் தொடவில்லை, என்னையும் நாக்கில் வைக்கவிடவில்லை. தொடாமலே தங்கச்சியும் அதே மாதிரி மணந்தபோது, அது களி இல்லை என்று அந்த வார்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சொன்னால் இரண்டு பிள்ளையையும் பத்தியம் இல்லாமல் கொன்றவள் என்று ஆகிவிடும். மூன்று நாள் அதை வாயில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அதை அவளுக்காகச் சொல்லிவிட்டவனை எப்படித் திட்டுவாள்?

அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் இருந்தது ஒரே நோய். அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி வந்தது. அம்மா களி சாப்பிட்டதால் அண்ணன் செத்ததும் இல்லை. சாப்பிடாததால் தங்கச்சிக்கு அது வந்ததும் இல்லை. எனக்கு இருந்தது வெந்தயம்.